கால்பந்து ஷூவைத் திருப்பிப் பாருங்கள்

முழங்கால் வலி, கணுக்கால் வலி என்று வரும் கால்பந்துப் பிள்ளைகளிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் நான் கேட்பது, "விளையாடுற ஷூ எங்கேப்பா?" என்றுதான். பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடத்தில் பழகிப்போன கேள்வி. பெரும்பாலும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். அடுத்த முறை கொண்டுவரச் சொல்வேன்.

அப்படி ஒரு 16 வயதுப் பையன். யாரும் மோதவில்லை, யாரும் தள்ளவில்லை. பந்தோடு ஓடியவன் சட்டென்று திரும்பியிருக்கிறான். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். முழங்கால் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் ஏசிஎல் என்ற லிகமென்ட் (இணைப்பு நார்) கிழிந்துவிட்டது. அவன் ஷூவை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். முன்னால் நான்கு, குதிகாலில் இரண்டு, மொத்தம் ஆறு அலுமினிய ஸ்டட், அதாவது தரையைப் பிடித்துக்கொள்ளும் முளைகள். மழையில் ஊறிய புல்தரைக்கென்று செய்த ஷூ அது. ஸ்டட்டுகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் துகள்கள் ஒட்டிக்கிடந்தன. அவன் விளையாடியது செயற்கைப் புல் டர்ஃபில்.

"பெரிய பிராண்டு சார், தள்ளுபடியில கிடைச்சுது" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? பிராண்டின் பெயரைப் பார்த்து வாங்கத்தான் நம் எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அந்தப் பெரிய பிராண்டுகளில் ஒன்று எதனால் பெரிதானது என்ற கதையை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஹெர்ட்சோகெனவ்ராஹ் என்று ஒரு சின்ன ஊர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, அம்மா துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து ஷூ தைக்கத் தொடங்கினார் அடி டாஸ்லர். அண்ணன் ருடால்ஃபும் சேர்ந்துகொள்ள, 1924-ல் அது 'டாஸ்லர் சகோதரர்கள்' கம்பெனியானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெசி ஓவன்ஸ் அவர்களுடைய ஷூவைப் போட்டுத்தான் ஓடினார். அப்புறம் அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை. 1948-ல் ருடால்ஃப் பிரிந்துபோய் பூமாவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அடி, 47 பேரை வைத்துக்கொண்டு அடிடாஸைப் பதிவு செய்தார். ஒரே ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஊர்க்காரர்கள் எதிரே வருபவரின் காலைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுப்பார்களாம். இருவரும் ஒரே இடுகாட்டில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஆளுக்கொரு கோடியில்.

என் தொழிலுக்கு முக்கியமான நாள் 1954 ஜூலை 4. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி ஹங்கேரி, நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத அணி. அதே தொடரின் முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கியிருந்தது. இறுதி ஆட்டத்திலும் எட்டே நிமிடத்தில் 2-0. ஆனால் அன்று விடாமல் மழை. தரை சேறாகிவிட்டது. ஜெர்மன் வீரர்கள் போட்டிருந்தது அடி டாஸ்லர் செய்த, கழற்றி மாட்டக்கூடிய திருகு ஸ்டட் பூட்ஸ். அவரும் அணியோடு மைதானத்தில் இருந்தார். மழையைப் பார்த்ததும் பயிற்சியாளர் ஹெர்பர்கர் சொல்ல, நீளமான ஸ்டட்டுகளைத் திருகி மாட்டினார்கள். 84-வது நிமிடத்தில் ஹெல்முட் ரான் அடித்த கோலில் மேற்கு ஜெர்மனி 3-2 என்று வென்றது. திருகு ஸ்டட்டை முதலில் செய்தது நாங்கள்தான் என்று பூமாவும் உரிமை கொண்டாடுகிறது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. வெற்றி முழுவதையும் ஷூவுக்கே கொடுத்துவிடவும் முடியாது. என் கவனமெல்லாம் அவர்கள் ஷூவை முடிவு செய்த விதத்தில்தான். முதலில் தரையைப் பார்த்தார்கள், பிறகு ஸ்டட்டை மாட்டினார்கள்.

இதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், நம் வீரர்களில் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு இறங்கி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அதன் பிறகே இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமானது.

அடிடாஸ் முதன்முதலாகத் துணி விற்றது 1967-ல், ஜெர்மன் கால்பந்து வீரர் பெக்கன்பவர் பெயரில் வந்த ட்ராக் சூட். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவர்களுடைய டெல்ஸ்டார் பந்து வந்தது. ஷூவின் பக்கவாட்டைத் தாங்குவதற்காகத் தைத்த தோல்பட்டைதான் அடிடாஸின் அந்த மூன்று கோடு. அதுவே சட்டையில் ஏறி அடையாளமாகிவிட்டது. 1974-ல் பூமாவோடு ஒப்பந்தம் வைத்திருந்த நெதர்லாந்து வீரர் க்ரொய்ஃப் மட்டும், அடிடாஸ் செய்த அணி ஜெர்சியில் இரண்டே கோட்டோடு ஆடினார். அந்த அளவுக்குக் கோடு பெரிய விஷயமாகிப்போனது. இன்று கடையில் நாம் பார்ப்பதும் அதைத்தான்.

சரி, என்ன பார்த்து வாங்குவது? பெட்டியிலோ ஷூவின் நாக்குப் பகுதியிலோ இரண்டு எழுத்து இருக்கும். எஸ்ஜி என்றால் ஈரமான, மெத்தென்ற புல்தரைக்கு. எஃப்ஜி என்றால் ஓரளவு உலர்ந்த, நல்ல இயற்கைப் புல்லுக்கு. ஏஜி செயற்கைப் புல்லுக்கு. அதில் ஸ்டட்டுகள் குட்டையாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். டிஎஃப் என்றால் அடியெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் குமிழ். வாடகை டர்ஃபில் ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டத்துக்கும், நம் பக்கத்துக் கட்டாந்தரைக்கும் நான் சொல்வது இதைத்தான். நீள ஸ்டட் செயற்கைப் புல்லில் பிடித்துக்கொண்டால் பாதம் நகராது. திரும்புகிற விசை முழுக்க முழங்காலுக்குப் போகும். ஷூ மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தொடைத் தசையில் பலக்குறைவு, களைப்பு, வார்ம்-அப் இல்லாமல் இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் லிகமென்டைக் கிழிக்கிறது. ஆனால் இவற்றில் ஒரே நாளில் மாற்றக்கூடியவற்றில் ஷூவும் ஒன்று.

10, 12 வயதுப் பிள்ளை குதிகால் வலிக்கிறது என்றால் "வளர்ற வயசு, சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சித்தட்டு (எலும்பு வளரும் குருத்துப் பகுதி) இன்னும் மூடியிருக்காது. கெட்டித் தரையில் ஸ்டட் ஷூ போட்டு ஓடினால் ஒவ்வொரு அடியும் நேராக அங்கேதான் இடிக்கும். ஷூவை இரண்டு கையாலும் மடித்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது போடும் அதே தடிமன் சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்தோம். போன மாதம் வரும்போது தம்பியையும் கூட்டி வந்திருந்தான், கையில் தம்பியின் புது ஷூ. அவனே மேசைமேல் கவிழ்த்து வைத்தான். ரப்பர் குமிழ், டர்ஃப் ஷூதான். உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், நுனியில் பஞ்சு திணித்திருந்தது. இரண்டு சைஸ் பெரிது. "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்னு அம்மா சொன்னாங்க" என்றான் சின்னவன். பெருவிரலுக்கு முன்னால் அரை விரலகலம் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் ஷூவுக்குள்ளேயே கால் வழுக்கும் என்று சொன்னேன். பில் பத்திரமாக இருந்தது. அண்ணனும் தம்பியுமாக அன்றைக்கே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டார்கள்.