ஃப்ளூரோகார்பன் லீடர்: முன்நரம்பு என்று சொல்லிப் பார்ப்போம்

தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் இரண்டு சொற்கள் 'ஃப்ளூரோ', 'லீடர்'. பெரும்பாலும் ஒன்றை ஒன்று ஒட்டியே வருகின்றன. அதனால் இரண்டும் ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு நூறு மீட்டர் சுருள் வாங்கிப்போய் ரீல் முழுக்கச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சில நாள் நானும் அப்படித்தான் சுற்றினேன். ஃப்ளூரோ என்பது நரம்பு, அதாவது தூண்டில் நூல், எதனால் ஆனது என்று சொல்கிறது. லீடர் என்பது அது எந்த இடத்தில் கட்டப்படுகிறது என்று சொல்கிறது: ரீலில் இருக்கும் நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டு. நைலானிலும் லீடர் கட்டலாம், எஃகுக் கம்பியிலும் கட்டலாம். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம்மிடம் தமிழ்ச் சொல் புழங்காததுதான் என்பது என் எண்ணம்.

முதலில் நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மீன் பிடிக்கும் பாண்மகனைக் காட்டும் இடத்தில் தூண்டிலின் உறுப்புகள் எல்லாம் வந்துவிடுகின்றன: 'நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண் கொளீஇ, கொடுவாய் இரும்பின் மடிதலை புலம்ப, பொதியிரை கதுவிய போழ்வாய் வாளை'. கழை என்பது மூங்கில் கோல். கொடுவாய் இரும்பு வளைந்த முள். பொதியிரை முள்ளை மூடிக் கோத்த இரை. கோலிலிருந்து முள்ளுக்குப் போகும் கயிறு நாண். வில்லில் கட்டுவதும் நாண்தான், இடுப்பில் கட்டும் அரைஞாணும் அதே சொல்தான். இழுத்தால் விறைத்து நிற்கும் மெல்லிய கயிறு என்பது அதன் பொருள்.

இன்றைக்குக் கரையில் நாண் என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 'நரம்பு' என்கிறோம்: தூண்டில் நரம்பு, நரம்பு வலை. இலங்கையில் ஒற்றையிழை நைலானைத் தங்கூசி என்கிறார்கள். தங்கூசி வலைக்குத் தடை என்று அங்கே செய்தி வராத ஆண்டு குறைவு. நரம்பு நல்ல சொல். யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பழைய பெயர். உடம்புக்குள் இருப்பது, யாழில் கட்டுவது, தூண்டிலில் கட்டுவது எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், மெல்லியதாக இருந்து இழுவையைத் தாங்கி, தொட்டால் அதிர்வது. மீன் கடிப்பதைக் கை அறிவது அந்த அதிர்வால்தானே.

ஆங்கிலத்தின் 'லைன்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதுவும் ஒரு நார்தான். இலத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச் செடி, அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. கோடு என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. நைலானுக்கு முந்தைய காலத்தில் ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் முள்ளுக்கு அருகே கட்டிய ஒளி புகும் இழை, பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்து நீட்டி உலர்த்தியது. ஸ்பெயினின் முர்சியா பகுதி அதற்குப் பெயர்பெற்றது. அதை ஆங்கிலத்தில் குடல் என்ற பொருளுள்ள 'கட்' என்ற சொல்லால் அழைத்தார்கள். நாம் நரம்பு என்றோம், அவர்கள் குடல் என்றார்கள். இரண்டு மொழியும் உடம்புக்குள்தான் சொல்லைத் தேடியிருக்கின்றன.

அந்தப் பட்டுக் குடல் இழைதான் இன்றைய லீடரின் மூதாதை. முன்னே சென்று வழிநடத்துபவர் என்ற பொதுப் பொருளிலிருந்து, பிரதான நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டுக்கு அந்தப் பெயர் வந்தது. இதைத் 'தலைவன்', 'வழிகாட்டி' என்று மொழிபெயர்த்தால் கரையில் நிற்கும் யாருக்கும் விளங்காது. செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். மீனுக்கு முன்னால் நிற்கும் நரம்பு என்பதால் 'முன்நரம்பு' என்பதே என் தேர்வு. புணர்ச்சி விதிப்படி 'முன்னரம்பு' என்று எழுதலாம், ஆனால் 'அரம்பு' என்று பிரித்துப் படிக்க இடம் கொடுக்கும். அதனால் விட்டே எழுதுகிறேன். 'நுனிநரம்பு' என்றாலும் குறையில்லை. ரீலில் இருப்பதைத் 'தாய்நரம்பு' எனலாம். இப்படிப் பெயர் வைத்த உடனேயே ஒரு தெளிவு வந்துவிடுகிறது: முன்நரம்பு சில அடிதான், ரீல் முழுக்கச் சுற்றும் பொருள் அல்ல.

இனி ஃப்ளூரோகார்பன். 'கார்பன்' இலத்தீனில் கரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, தமிழில் கரிமம் என்பதும் அதே வழிதான். ஃப்ளூரினின் கதை இன்னும் சுவையானது. இலத்தீனில் 'ஃப்ளூயெரெ' என்றால் பாய்தல், ஒழுகுதல். தாது உருக்கும் உலையில் ஒரு வகைக் கல்லைப் போட்டால் கசடு இளகி ஒழுகும். அந்தக் கல்லுக்கு ஒழுகுதலின் பெயரே வந்தது. அதற்குள் புதிய தனிமம் ஒன்று இருக்கிறது என்று உணர்ந்த பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர், 1812இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவிக்கு எழுதிய கடிதத்தில், குளோரின் போல ஃப்ளூரின் என்று பெயரிடலாம் என்றார். அதைப் பிரித்தெடுக்க 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரித்தவர் ஆன்றி முவாசான், அதற்காக 1906இல் நோபல் பரிசு பெற்றார். தமிழில் புளோரோகரிமம் என்று எழுதலாம். பாடநூலுக்கு அது சரி. கடையில் ஃப்ளூரோ என்றே கேளுங்கள். தனிமங்களின் பெயரை மொழிபெயர்ப்பதில் எனக்கு ஆர்வம் குறைவு, வேலையின் பெயரைத்தான் தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மீன் நரம்பில் இருக்கும் பொருள் பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு. அதில் ஃப்ளூரினோடு ஹைட்ரஜனும் உண்டு, ஆகவே வேதியியலில் கறாராகப் பார்த்தால் முழு ஃப்ளூரோகார்பன் அல்ல. பெயர் நிலைத்துவிட்டது. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் 'சீகார்' என்ற பெயரில் இதை முதன்முதலாகத் தூண்டில் நரம்பாக விற்றது.

இதை எல்லாரும் வாங்கும் காரணம், தண்ணீரில் தெரியாது என்ற பேச்சு. அதில் உண்மை எவ்வளவு? ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, இந்த நரம்புக்கு 1.42, நைலானுக்கு ஏறத்தாழ 1.53. தண்ணீருக்கு நெருங்கி வருகிறது, அதனால் நைலானைவிடக் குறைவாகத் தெரியும். மறைந்துபோவதில்லை. கலங்கிய ஏரியில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. தெளிந்த நீரில் உண்டு. மேலே சொன்ன வாளை, இரையைக் கவ்வித் தப்பிய பிறகு என்ன செய்தது என்று அதே பாட்டு சொல்கிறது: 'நீர்நணிப் பிரம்பின் நடுங்கு நிழல் வெரூஉம்'. கரையில் நின்ற பிரம்பின் நிழல் ஆடினால்கூடத் தூண்டில் கோலோ என்று அஞ்சியது. ஒரு தடவை முள்ளைக் கண்ட மீன் இப்படித்தான். முன்நரம்பு என்ற உறுப்பே இந்த அச்சத்துக்காகப் பிறந்தது.

என் கணக்கில் இதன் பெரிய பயன் வேறு. பாறை, சிப்பி, முறிந்த மரம் இவற்றில் உராய்ந்தால் நைலானைவிடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம், அதனால் நாள் முழுக்க ஊறினாலும் வலிமை அப்படியே நிற்கும். நைலான் ஊறும், ஊறினால் தளரும். வெயிலும் இதை எளிதில் கெடுக்காது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதற்கு 1.78, நைலானுக்கு 1.14, மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்யும் பின்னல் நூலுக்கு 0.97. பின்னல் நூல் மிதக்கும், நைலான் மெல்ல மூழ்கும், ஃப்ளூரோ விரைந்து மூழ்கும். குறைகளும் உண்டு. விறைப்பு அதிகம், சுருளின் வளையத்தை மறக்காது. 'இழுத்தால் நீளாது' என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். நீளும், பலமாக இழுபட்டு நீண்டால் நைலானைப் போல முழுதாகத் திரும்பாது. முடிச்சை உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலவீனமாகிவிடும். எச்சில் தொட்டு நனைத்து, மெல்ல இறுக்க வேண்டும்.

எங்கே எதைக் கட்டுவது? ஆம்பலும் வள்ளையும் மண்டிய குளத்தில் விரால் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகநானூற்று 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் அந்தக் காட்சியைக் கண்முன் நிறுத்துகிறார். இரையை விழுங்கிய வரால் ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதையப் பாய்ந்து, வள்ளைக் கொடியைக் கலக்கி, 'தூண்டில் வேட்டுவன் வாங்க வாராது', கயிறு கட்டிய சினக் காளை போலக் கயத்தை உழக்குகிறது. விரால் பிடித்தவர்களுக்கு இதில் ஒரு சொல்லும் மிகையாகப் படாது. இங்கே மீன் நரம்பைப் பார்த்து அஞ்சுவதில்லை, கொடிக்குள் புகுந்து சிக்கவைப்பதுதான் ஆபத்து. 50 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூலை நேராகவே முள்ளில் கட்டலாம். மரக்கட்டை, கல் இருக்கும் இடமென்றால் 40 பவுண்டு ஃப்ளூரோவில் இரண்டடி முன்நரம்பு போதும். நீர்மேல் தத்தும் ரப்பர் தவளைக்கு நீளமான ஃப்ளூரோ கூடாது, அது மூழ்கும்போது தவளையின் மூக்கையும் சேர்த்து இழுக்கும்.

வாளை இருக்கும் ஆற்றில் பேச்சே வேறு. அதன் பல் வரிசைக்கு மெல்லிய ஃப்ளூரோ ஈடாகாது, எஃகுக் கம்பி முன்நரம்புதான் துணை. கட்லா, ரோகுக்குத் தக்கை போட்டு அணையில் உட்காருபவர்களுக்கு நைலானே போதும். நீர் மிகத் தெளிந்து, மீன் இரையை மோந்துவிட்டுத் திரும்பும் நாளில் மட்டும் 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளூரோவில் மூன்றடி கட்டிப் பாருங்கள்.

ஃப்ளூரோ தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் நீலகிரியின் ஓடைகள். பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட் மீன் அவலாஞ்சி போன்ற குளிர்ந்த, கூழாங்கல் தெரியும் நீரில் வாழ்கிறது. அதைப் பிடிக்க முறையான அனுமதி வேண்டும். ஈ வடிவச் செயற்கை இரை கட்டும் தூண்டிலில் முன்நரம்பு அடி பருத்து நுனி மெலிந்து ஒன்பதடி வரை நீளும். நீருக்குள் மூழ்கும் ஈக்கு ஃப்ளூரோ நுனி, நீர்மேல் மிதக்கும் ஈக்கு நைலான் நுனி. மிதக்க வேண்டிய ஈயை மூழ்கும் நரம்பில் கட்டினால் இரண்டின் வேலையும் கெடும்.

அட்டையில் இருக்கும் எண்களையும் சொல் என்றே எடுத்துக்கொண்டு படிக்க வேண்டும். 'எல்.பி.' என்பது பவுண்டின் சுருக்கம், இலத்தீன் 'லிப்ரா', அதாவது தராசு, எடை என்ற சொல்லிலிருந்து வந்தது. 10 எல்.பி. என்றால் ஏறத்தாழ நாலரைக் கிலோ இழுவையில் அறும். ஜப்பானியச் சுருளில் 'கோ' என்ற எண் இருக்கும், அது பருமனுக்கு. 1ஆம் எண் 0.165 மில்லிமீட்டர், 4ஆம் எண் 0.33. எண் நான்கு மடங்கானால் விட்டம் இரு மடங்காகிறது. ட்ரவுட் நரம்பில் 'எக்ஸ்' எண் தலைகீழ்: பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். 'ஃப்ளூரோ பூச்சு' என்றிருந்தால் அது நைலான், மேலே மெல்லிய பூச்சு மட்டுமே. விலை மலிவாக இருப்பது அதனால்தான். '100%' என்று இருப்பதே முழு ஃப்ளூரோ.

வெட்டிய துண்டுகளைக் கரையில் விடாதீர்கள். வெயிலும் நீரும் கெடுக்காத பொருள் என்று மேலே பாராட்டினேன், அதே குணத்தால் கொக்கின் காலில் சுற்றினால் அது எளிதில் இற்று விழாது, கொக்குதான் விழும். குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் கூடாது. எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்னும் கடும் நச்சு வாயு வரும், முவாசானுக்கு முன் ஃப்ளூரினைப் பிரிக்க முயன்ற பலரின் உடலைக் கெடுத்தது அதுதான். நான் ஒரு சிறிய மாத்திரை டப்பாவைப் பையில் வைத்திருக்கிறேன், துண்டுகள் எல்லாம் அதற்குள் போய் வீட்டுக்கு வந்துவிடும்.