'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

தீக்காய முதலுதவிக் குறிப்பு ஒன்றின் தமிழாக்கம் சரிபார்க்க வந்தது. அதில் ஒரு வரி: 'காயம்பட்ட இடத்தை ஓடும் நீரில் 20 நிமிடம் வைக்கவும்.' இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓடும் நீர் என்றால் நமக்கு ஆறும் வாய்க்காலும்தான் மனதில் வரும். ஆங்கில மூலத்தில் இருந்த 'ரன்னிங் வாட்டர்', குழாயைத் திறந்ததும் கொட்டுகிற தண்ணீர். கையைச் சுட்டுக்கொண்டவர் பதற்றத்தோடு படிக்கப்போகிற வரி அது. அவரை ஒரு நொடிகூட யோசிக்க வைக்கக் கூடாது. 'குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்' என்று மாற்றினேன்.

மொழிபெயர்ப்பு வேலையில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படி எல்லோருக்கும் தெரிந்த சொற்களில்தான் வருகின்றன. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். 'ரன்' வந்தால் யார் புரட்டுகிறார்கள்?

புரட்டினால் மலைத்துப்போவோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைக்கு இருந்தது. 430-க்கும் மேற்பட்ட பொருள்கள். அப்புறம் 'ரன்' பதிவைத் திருத்தி எழுதியபோது, 2011-ல், வினையாக மட்டும் 645 பொருள்கள் சேர்ந்துவிட்டன. அந்த ஒரு சொல்லுக்காக அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்தார். கடிகாரம், நீராவி எஞ்சின், ரயில், கம்ப்யூட்டர் புரோகிராம் என்று புதிதாக எது இயங்கத் தொடங்கினாலும் ஆங்கிலம் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பாதிச் சிக்கல் தெளியும். பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு வினைகளாக இருந்தது. தானாக ஓடுவதற்கு 'ரின்னன்'. நீர் பாய்வதும் அதில் அடங்கும். ஓடச் செய்வதற்கு 'ஆர்னன்', குதிரையை ஓட்டுவது போல. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. தமிழில் ஓடு, ஓட்டு என்று தன்வினையும் பிறவினையும் இன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. அதனால் 'ரன்' வந்தாலே நான் முதலில் பார்ப்பது, அது தானாக நடக்கிறதா, யாராவது நடத்துகிறார்களா என்பதைத்தான். எஞ்சின் ஓடுகிறது, நிறுவனத்தை ஒருவர் நடத்துகிறார், பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுகிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

அடுத்தது, நீர் சம்பந்தப்பட்ட பொருள்கள். தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிட வளமானது, நாம்தான் அதைப் பயன்படுத்த மறந்துவிடுகிறோம். மூக்கு 'ஓடாது', ஒழுகும். கண்ணீர் வழியும். துணி துவைப்புக் குறிப்பில் நிறம் 'ஓடும்' என்று எழுதியிருந்தால், சாயம் போகும் என்று பொருள். மருந்துச் சீட்டில் காய்ச்சல் 'ரன்' ஆகிறது என்றால் காய்ச்சல் அடிக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சொற்களெல்லாம் நம் நாக்கில் இருப்பவை. ஆங்கில வாக்கியத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதும்போதுதான் மறந்துபோகின்றன.

இணைச்சொல் பட்டியல்களை, அதாவது ஒரு சொல்லுக்கு நெருங்கிய பொருள் தரும் சொற்களின் பட்டியல்களை, நம்பி எழுதுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பீட்டர் மார்க் ரோஜெட் 1852-ல் வெளியிட்ட புகழ்பெற்ற இணைச்சொல் களஞ்சியம் கருத்து வாரியாக அடுக்கப்பட்டது. முதலில் கருத்தைத் தேட வேண்டும், அதன் கீழ்தான் சொற்கள். இன்று கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் ஆபரேட், மேனேஜ், ஃப்ளோ, ஸ்பிரிண்ட் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் 'குழுவை ரன் செய்தேன்' என்பது சாதாரணமாகத் தெரிகிறதே என்று அதில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இயந்திரத்துக்குப் பொருந்தும் ஆபரேட், குழுவுக்குப் பொருந்தாது; மேனேஜ் அல்லது லீட் பொருந்தும். எளிய 'ரன்' சரியாக உட்காரும் இடத்தில் அதை மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு: தேர்தலில் போட்டியிடுவதற்கு அமெரிக்கர் 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' என்பதே வழக்கம்.

சட்ட ஆவணங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஒப்பந்தம் மூன்று ஆண்டு 'ரன்' ஆகும் என்றால் அதுவரை செல்லும் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் நிலப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை 'நிலத்தோடு ரன் ஆகும்' என்று வந்தால், அது கையெழுத்துப் போட்டவரோடு முடிவதில்லை. நிலத்தை அடுத்து வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். எந்த இணைச்சொல் பட்டியலிலும் இது கிடைக்காது. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், மொழிபெயர்ப்பாளரோடு நிறுத்திக்கொள்ளாமல் வழக்கறிஞரிடமும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.