கட்டுபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர்

மின்சாரத் தணிக்கைக்காக ஒரு மே மாதம், மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் திறப்புவிழாக் கல்வெட்டு. அதற்குப் பக்கத்திலேயே பசுமைக் கட்டடச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். இரண்டாம் மாடியில் மேற்குப் பார்த்த பிரிவுக்குச் சுவரே இல்லை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிதான். அதில் முக்கால் பங்கைப் பழைய செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். வெளிச்சம் போய்விட்டதால் பட்டப்பகலில் டியூப்லைட், ஏசி, அது போதாமல் தலைக்கு மேலே மின்விசிறி வேறு. "மூணு மணிக்கு மேல இந்த வரிசையில உட்கார முடியாது சார், முதுகு எரியும்" என்றார் கண்காணிப்பாளர். தாளை ஒரு ஓரம் தூக்கி, தொடாமலே சூட்டை அளக்கும் ஐ.ஆர். கன்னைக் காட்டினேன். கண்ணாடியின் உட்புறமே 46 டிகிரி.

சான்றிதழ் பொய்யில்லை. புள்ளிகளைக் கூட்டித்தான் தரம் தருகிறார்கள். தண்ணீரை மிச்சப்படுத்தும் குழாய், எல்இடி விளக்கு, மழைநீர்த் தொட்டி, சைக்கிள் நிறுத்துமிடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று மேற்குச் சுவரில் விட்டதை மற்ற இடங்களில் பிடித்துவிட்டார்கள். ஆனால் சுத்திகரிப்பு நிலையம் பூட்டிக் கிடந்தது. இயக்க ஆள் கேட்டுக் கோப்பு போயிருக்கிறதாம். மொட்டைமாடியில் சோலார் பேனல்கள், விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி. கழுவுவதற்கு அங்கே ஒரு தண்ணீர்க் குழாய்கூட இல்லை. எஸ்டிமேட்டில் பேனலைச் சேர்த்தவர்கள் குழாயை மறந்துவிட்டார்கள்.

சொந்த வீடு கட்டுகிறவர் இப்படிச் செய்யமாட்டார், ஏனென்றால் கரண்ட் பில்லும் அவர்தானே கட்டவேண்டும். அரசுக் கட்டடத்தைக் கட்டுவது ஒரு துறை, குடியிருப்பது இன்னொரு துறை. கட்டுமானச் செலவு ஒரு கணக்குத் தலைப்பு, மின்கட்டணம் வேறொன்று. டெண்டரில் குறைந்த விலைப்புள்ளிதான் ஜெயிக்கும். சன்ஷேடை எடுத்துவிட்டால் எஸ்டிமேட் இறங்குகிறது, அதனால் உள்ளே வரும் வெயிலுக்கான காசு அடுத்தவர் கணக்கில் ஏறுகிறது. இரண்டும் போவது ஒரே கஜானாவிலிருந்து என்பதை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை.

பசுமை விதியை முதலில் பொதுப்பணத்தில் கட்டும் கட்டடங்களுக்குப் போடுவது சரி என்று நான் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2000-லேயே அதைச் செய்தது. நகராட்சிப் பணத்தில் 5,000 சதுர அடிக்கு மேல் எதைக் கட்டினாலும் 'லீட்' என்ற பசுமைக் கட்டடத் தரவரிசையில் வெள்ளித் தரம் எட்டவேண்டும் என்றார்கள். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் நடந்ததுதான் நமக்குப் பாடம். 2003-ல் திறந்த அவர்களுடைய புதிய நகர மன்றக் கட்டடம், ஆண்டின் சில மாதங்களில் அதற்கு முன்பிருந்த பெரிய பழைய கட்டடத்தைவிட அதிக மின்சாரம் இழுத்தது. 2005-ல் உள்ளூர்ப் பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. நகரம் விதியைத் தூக்கிப் போடவில்லை. பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் எரிசக்திப் பயன்பாட்டைக் கணக்கிட்டுச் சொல்லவேண்டும் என்று 2010-ல் சட்டம் கொண்டுவந்தது. மறுவருடம் நகராட்சிக் கட்டடங்களுக்கான தரத்தைத் தங்கமாக உயர்த்தியது.

நம்மிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி 2007-ல் வந்தது, 2017-ல் புதுப்பிக்கப்பட்டது. நம் தட்பவெப்பத்துக்கென்று உருவான 'கிருஹா' தரவரிசையும் இருக்கிறது. அதன் நட்சத்திரம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கும் பல இடங்களில் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. கட்டடத்தின் உபயோகமே மாறிவிடுவதும் உண்டு. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் 2010-ல் சட்டமன்றத்துக்காகத் திறந்த பசுமைக் கட்டடம் 2014-லிருந்து மருத்துவமனை. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் மருத்துவமனையின் மின்தேவையும் சட்டமன்றத்தின் மின்தேவையும் ஒன்றா?

அதனால் நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடுத்துக் கேட்பது ஒரே எண்: ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட்? பன்னிரண்டு மாத பில்லைக் கூட்டிப் பரப்பளவால் வகுத்தால் கிடைத்துவிடும். 3,000 சதுர மீட்டர் கட்டடத்தில் இந்த எண் பத்து இறங்கினால் வருடத்துக்கு 30,000 யூனிட் மிச்சம். இந்த எண்ணை டெண்டரிலேயே எழுதுங்கள் என்கிறேன். ஒப்பந்ததாரருக்குத் தராமல் நிறுத்திவைக்கும் பிடித்தத் தொகையில் ஒரு பகுதி, கட்டடம் ஒரு முழுக் கோடையைத் தாண்டிய பிறகே விடுவிக்கப்படட்டும். பேனல் கழுவவும் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டவும் ஐந்து வருடப் பராமரிப்பை எஸ்டிமேட்டிலேயே சேர்க்கட்டும். "அதுக்கு ரேட் இல்லையே சார்" என்பார்கள் எஸ்டிமேட் போடுபவர்கள். அரசு விலைப்பட்டியலில் இல்லாத பொருளை எழுதினால் நாளைக்குத் தணிக்கைக் குறிப்பு வரும் என்ற பயம். நியாயமான பயம்தான். பட்டியலை மாற்றவேண்டியது மேலே இருப்பவர்கள்.

அந்த மேற்குப் பிரிவுக்குத் திரைச்சீலை வேண்டாம் என்றேன். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை என்ன செய்யும்? சூட்டில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கும். மறைப்பு வெளியே வேண்டும். பராமரிப்பு நிதியில் வெளிப்புறம் அலுமினிய லூவர், அதாவது வெயிலை மறைக்கும் சாய்வுப் பட்டைகள், போட ஒரு வருடம் ஆயிற்று. அந்தத் தளத்துக்கு மட்டும் தனி மீட்டரும் வைத்தோம். போன முறை போனபோது செய்தித்தாளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், பசைத் தடம் மட்டும் மிச்சம். கண்காணிப்பாளர் மேசை டிராயரைத் திறந்து ஒரு நாட்காட்டித் தாளை நீட்டினார். அதன் பின்பக்கத்தில் திங்கட்கிழமைதோறும் மீட்டர் ரீடிங், அவர் கைப்பட.