பழைய ஃபைபர் படகுக்கு வீட்டில் ஒட்டுப்போடும் முன்: ரெசின் டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும் வேலை

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் நின்ற இடங்களில் கண்ணாடி நாரிழைப் படகுகள் வந்து நின்றன. நிவாரணத்துக்காக அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் செய்து கொடுக்கப்பட்டவை அவற்றில் நிறைய. எல்லாம் ஒரே தரமாக இருக்கவில்லை. அவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை இருபது வருடமாக மணலில் இழுபட்டு, அலையில் அடிபட்டு, பல தடவை ஒட்டுப்போடப்பட்டு நிற்கின்றன. புதுப்படகு வாங்கும் விலையைப் பார்த்துவிட்டு, பழையதையே வாசலில் கவிழ்த்துப் போட்டுச் சரிசெய்ய இறங்குகிறவர்கள் அதிகம். அது நல்ல முடிவுதான். ஃபைபரைப் போல எளிதாகப் பழுது பார்க்கக்கூடிய பொருள் குறைவு. ஆனால் போட்ட ஒட்டு ஒரே வருடத்தில் தகடாகப் பெயர்ந்து வருவதையும், வேலை செய்தவர் கண்ணில் ரெசினில் கலக்கும் ரசாயனம் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

ஒட்டு ஏன் பெயர்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பாலியஸ்டர் ரெசின் (கண்ணாடி இழையை நனைத்து இறுகும் பிசின்) இறுகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒரே நாளில் ஈரம் காய்வதற்குள் அடுத்தடுத்துப் போடும் அடுக்குகள் இப்படிப் பின்னி ஒரே உடம்பாகிவிடும். வருடக்கணக்கில் இறுகிப்போன பழைய உடம்போ புது ரெசினோடு அப்படிப் பின்னாது. அங்கே பிடிப்பு என்பது, நாம் தேய்த்து உண்டாக்கும் சொரசொரப்பில் ரெசின் இறங்கிக் கவ்விக்கொள்வது மட்டும்தான். எனவே பெயின்ட் மேல், உப்பு மேல், ஈரத்தின் மேல், வழவழப்பான ஜெல்கோட் (படகின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சு) மேல் எவ்வளவு நல்ல ரெசினைப் பூசினாலும் அது தோலைப் போல உரிந்துதான் வரும். கடைக்காரர் மட்டமான ரெசின் கொடுத்துவிட்டார் என்று கோபப்படுவதில் பெரும்பாலும் நியாயம் இல்லை.

ஆகவே முதல் வேலை தட்டிப் பார்ப்பது. சின்ன மரச்சுத்தியோ ஸ்க்ரூடிரைவர் பிடியோ போதும். அணியத்திலிருந்து (முன்முனை) தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் படகு முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடமும் உள்ளே தண்ணீர் நின்ற இடமும் மந்தமாக, செத்த ஒலி கொடுக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். விரிசல்களின் வடிவத்தையும் கவனியுங்கள். நட்சத்திரம்போல ஒரு புள்ளியிலிருந்து விரிந்தால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது. வரிவரியாக ஒரே திசையில் ஓடினால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் குறுக்குத் தாங்கல் விட்டுப்போயிருக்கும். இரண்டாவது வகைக்கு வெளியே மட்டும் ஒட்டுப்போட்டுப் பயனே இல்லை, தாங்கலைச் சரிசெய்யாதவரை அதே இடத்தில் திரும்ப விரியும்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையைத் தனியாகப் பாருங்கள். பல படகுகளில் அது ஃபைபருக்குள் வைத்துப் பொதிந்த பிளைவுட். போல்ட் துளை வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தை உள்ளேயே ஊறவைத்து மக்கச் செய்யும். வெளியே பளபளவென்று இருக்கும். உட்பக்கமிருந்து, பலகையின் கீழ்ப்பகுதியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த, வெளிர்நிறத் தூள் என்றால் கவலையில்லை. கருத்து, ஈரமாகப் பிசுபிசுவென்று வந்தால் உட்பக்கத் தோலை வெட்டி எடுத்துப் பலகையையே மாற்ற வேண்டும். கடலில் எஞ்சினோடு பின்பலகை கழன்றால் உயிர் போகும் விஷயம், எனவே இதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. புதுப் பலகை வைத்த பிறகு போல்ட் துளையைத் தேவையைவிட 6 மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் (மரத்தோடு நன்றாக ஒட்டும் இன்னொரு வகை ரெசின்) முழுக்க அடைத்து, அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இனித் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது.

படகு முன்பைவிடக் கனமாகிவிட்டது, தள்ள இரண்டு ஆள் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்றால் மிதவை அறைகளில் உள்ள பஃப் (பாலியூரித்தேன் நுரை) தண்ணீர் குடித்திருக்கிறது. நல்ல பஃப் ஒரு கன மீட்டருக்கு 30, 40 கிலோதான் இருக்கும். அதே இடத்தைக் கடல்நீர் நிறைத்தால் ஆயிரம் கிலோவுக்கு மேல். ஊறிய பஃபை வெயிலில் காயவைத்து மீட்க முடியாது, தோண்டி எடுத்து மாற்றத்தான் வேண்டும். அந்த இடத்தில் மலிவாக இருக்கிறதே என்று தெர்மோகோல் வைத்துவிடாதீர்கள். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டதும் தெர்மோகோல் சர்க்கரைபோலக் கரைந்து அங்கே வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

அடுத்தது காயவைப்பது. கடலிலிருந்து ஏற்றிய படகை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். விரிசலுக்குள் உப்பு இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் காயாது. கழுவியபின் குறைந்தது இரண்டு வாரம் காயட்டும். பிறகு சந்தேகமான இடத்தில் ஒரு முழ அகலப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் காயவேண்டும்.

இனி ஒரு ஓட்டையை எடுத்துக்கொண்டு அளவோடு பார்ப்போம். 6 மில்லிமீட்டர் கனமுள்ள பக்கத்தில், உடைந்த விளிம்பையெல்லாம் வெட்டி நீக்கியபின் 10 சென்டிமீட்டர் வட்ட ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் நீளம் கனத்தைப்போல 12 மடங்கு, அதாவது 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எனவே தேய்த்த வட்டம் மொத்தம் 24 சென்டிமீட்டரைத் தாண்டும். பத்து சென்டிமீட்டர் ஓட்டைக்கு இவ்வளவு பெரிய வட்டமா என்று எல்லோரும் தயங்குகிற இடம் இதுதான். ஒட்டின் பலம் முழுவதும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. கிரைண்டரில் 36-ஆம் நம்பர் தேய்ப்பு டிஸ்க்கை மாட்டி, பளபளப்பு ஒரு புள்ளி கூட மிஞ்சாமல் மங்கலாகும்வரை தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். துணியில் நிறம் வந்தால் மறுபடியும் புதுத் துணி.

உட்பக்கம் மெழுகு தடவிய தகடு ஒன்றைத் தாங்கலாகக் கொடுத்துவிட்டு வெளியிலிருந்து அடுக்கலாம். மேட் என்பது வெட்டிய கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு இறுகினால் சுமார் 1 மில்லிமீட்டர் வரும், எனவே 6 அடுக்கு. 24 சென்டிமீட்டரில் தொடங்கி 12 வரை ஆறு வட்டங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பெரியதை முதலில் வைப்பதா சிறியதை முதலில் வைப்பதா என்று வேலை தெரிந்தவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. பெரியதை முதலில் வைப்பதே எங்கள் தேர்வு: சரிவு முழுவதையும் ஒரே துண்டு பிடித்துக்கொள்கிறது, பிறகு மட்டம் பார்த்துத் தேய்க்கும்போது மேலே உள்ள சிறிய துண்டுகளின் ஓரம்தான் போகும், அடித்துண்டு அறுபடாது. ரோவிங் துணி (தடித்த கண்ணாடி இழையில் நெய்தது) சேர்ப்பதானால் பழைய உடம்பின்மேல் முதலில் மேட்தான் வரவேண்டும். ரோவிங்மேல் ரோவிங் நேராக வைக்காமல் நடுவில் ஒரு மேட் கொடுங்கள்.

இந்த ஆறு வட்டங்களும் சேர்ந்து 75 கிராம் இருக்கும். மேட்டுக்கு அதன் எடையைப்போல இரண்டேகால் மடங்கு ரெசின், அதாவது 170 கிராம். தூரிகையிலும் டப்பாவிலும் போவதைச் சேர்த்து 250 கிராம் கலந்தால் போதும், அதையும் இரண்டு தடவையாக. மூன்று அடுக்கு போட்டு, சூடு அடங்கியபின் அதே நாளில் அடுத்த மூன்று. ஆறையும் ஒரே மூச்சில் போட்டால் உள்ளே சூடு ஏறி ஒட்டு வெளிறும், வெடிக்கும், சுருங்கும். ரெசினை ஊற்றித் தேய்க்காமல் தூரிகையால் குத்திக் குத்தி நனைத்து, வரிப்பள்ளம் போட்ட அலுமினிய ரோலரால் காற்றை ஓரத்துக்குத் தள்ளுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது. மேட் கண்ணாடிபோலத் தெளிய வேண்டும்.

ரெசினை இறுகச் செய்யக் கலக்கும் திரவமான கேட்டலிஸ்ட்டின் அளவில்தான் அதிகம் தவறுகிறார்கள். ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம், நம் வெயிலுக்கு 1 சதவீதத்தை ஒட்டியே போதும். 250 கிராமுக்கு இரண்டரை கிராம், ஊசியில்லாத சிரிஞ்சில் 2 மில்லிக்குச் சற்று மேல்; இரண்டு தடவையாகக் கலக்கும்போது தடவைக்கு அதில் பாதி. மூடியால், கண் மதிப்பில் ஊற்றும் வேலை வேண்டாம். சீக்கிரம் இறுகுகிறதே என்று இன்னும் குறைத்துவிட்டால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது. அதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கள், அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள், பனி காய்ந்தபின் காலையில் வேலையை முடியுங்கள். படகின்மேல் தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நீங்கள் வாங்கும் ரெசினில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முன்பே கலந்திருக்கிறதா என்று கடையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கலக்கவில்லை என்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட் விடவேண்டும். ஊதா நிறக் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒருபோதும் நேரடியாகச் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச், ஒரே அளவுக் குப்பி, ஒரே அலமாரித் தட்டு எதுவும் வேண்டாம்.

கேட்டலிஸ்ட் பார்ப்பதற்குப் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். அதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் கரையில் இருக்கிறது, தயவுசெய்து இன்றோடு விடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் கருவிழி நிரந்தரமாகக் கெடலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பட்டுவிட்டால் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போகவேண்டும். கேட்டலிஸ்ட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். நிறையத் தண்ணீரில் நனைத்துத் தனியே வையுங்கள்.

தேய்க்கும்போது வரும் கண்ணாடித் தூசிக்கு முகத்தில் கட்டும் துண்டு போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். ஆனால் அதே கவசம் ரெசின் வாடையைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி தேவை. ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் குழிக்குள் தேங்கும். உள்ளே குனிந்து வேலை செய்பவருக்குத் தலை கிறுகிறுக்கிறது என்றால் உடனே வெளியே வரவேண்டும். 31 டிகிரிக்கு மேல் அந்த ஆவி பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், நம் ஊரில் அது சாதாரணப் பகல் வெப்பம். பீடி, அடுப்பு, கிரைண்டர் பொறி எதுவும் அருகில் கூடாது.

மணலில் இழுபடும் படகுக்கு ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடிதான் முதலில் தேயும். வெள்ளை முடிபோல இழை தெரியத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள், இழை வழியாகத் தண்ணீர் நீளத்துக்கும் ஏறும். மேட், ரோவிங் மாற்றி மாற்றி நாலு அடுக்கு, இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் ஏறும்படி, ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் முந்தையதிலிருந்து விலகி முடியும்படி போடுங்கள். அதன்மேல் தேய்வதற்கென்றே இரண்டு அடுக்குப் பட்டை ஒன்று கொடுத்துவிட்டால் அடுத்த தடவை அதை மட்டும் மாற்றினால் போதும்.

எப்பாக்சி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மரத்தோடு ஒட்டும் இடங்களில் அது மேல். ஆனால் சாதா மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சியில் அது விறைப்பாகவே நிற்கும், எனவே நெய்த துணியைத்தான் பயன்படுத்த வேண்டும். எப்பாக்சிமேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, பெயின்ட்தான் அடிக்கவேண்டும். கார் பட்டியை (கார் பள்ளங்களை நிரப்பும் பூச்சு) தண்ணீருக்குக் கீழே போகும் பகுதியில் வைக்கவே கூடாது, அது ஈரத்தை உறிஞ்சும்.

சாதா ரெசினின் மேற்பரப்பு காற்றுப் படுவதால் பிசுபிசுப்பாகவே நிற்கும். அது கெட்டுப்போன அடையாளம் அல்ல, அடுத்த அடுக்குக்கு அது நல்லதுதான். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்த ஜெல்கோட்டை அடியுங்கள், அல்லது மேலே பாலித்தீன் தாளை ஒட்டி மூடுங்கள். ஒரு வாரம் கழித்து அசிட்டோன் நனைத்த துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பரப்பு இளகி ஒட்டினால் இன்னும் இறுகவில்லை, கடலில் இறக்காதீர்கள். இறக்கிய முதல் நாள் கரையோரம் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஏற்றி, ஒட்டின் ஓரத்தை விரலால் தடவி, பின்பலகை போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு அப்புறம் ஆழத்துக்குப் போங்கள்.