மெதுவாக நகர்வதுதான் கஷ்டம்

சுவரோரமாக நின்றுகொண்டு ஒரு காலை எடுத்து முன்னால் வையுங்கள். சாதாரண வேகத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அதையே பத்து நொடி எடுத்துக்கொண்டு வைத்துப் பாருங்கள். ஊன்றிய கால் லேசாக ஆடும். மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான டாய் சி வேலை செய்வது அந்த ஆட்டத்தில்தான்.

நடை என்பது விழப்போய் விழாமல் தப்பிப்பது. உடல் முன்னால் சாயும், அடுத்த காலடி வந்து தாங்கிக்கொள்ளும். வேகம் இருப்பதால் நம் தடுமாற்றம் நமக்கே தெரிவதில்லை. மெதுவாக நகரும்போது அந்த வசதி கிடையாது. எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போய்ச் சேரும்வரை கணுக்காலும் தொடையும் இடுப்பும் உடலைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். பாதம், கண், உட்காது மூன்றிலிருந்தும் வரும் தகவல்களை மூளை ஓயாமல் சரிபார்க்க வேண்டும். பார்ப்பவருக்கு ஏதோ சோம்பல் முறிப்பது போலத் தெரியும். செய்கிறவரின் தொடையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்!

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இது ஏன் பொருந்துகிறது? உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் இந்த நோயில் அழிய அழிய, காலடி சுருங்குகிறது. விழாமல் எவ்வளவு தூரம் சாய முடியும் என்ற எல்லையும் குறுகுகிறது. டாய் சி அந்த எல்லை வரைக்கும் போய்த் திரும்பச் சொல்லித் தருகிறது. அமெரிக்காவின் ஓரிகனில் 195 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை, 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. உடலை எல்லை வரை சாய்த்து மீட்பதில், எடைப் பயிற்சி செய்தவர்களையும் தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களையும் டாய் சி குழு முந்தியது. தசைநீட்சிக் குழுவைவிடக் கீழே விழுவதும் குறைந்தது. எடைப் பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் விழுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன டோபமின் இதனால் திரும்பி வராது. மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இதய பலவீனம் உள்ள 100 பேரிடம் டாய் சி பற்றிச் செய்து 2011இல் வெளியான ஆய்வில் நடக்கும் தூரம் கூடவில்லை, ஆனால் மனநிலையும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டன.

பழைய டாய் சி அசைவு வரிசைகள் நீளமானவை. 1956இல் சீன அரசு 24 அசைவுகளாகச் சுருக்கியது. நோயாளிகளுக்கு அதிலும் சிலவே போதும். முழங்கால் வலித்தால் குறைவாக மடக்கலாம். பார்க்கின்சன் நோயாளிகள், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பழகுவது நல்லது. நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்; என்ன, அப்போது தோளுக்கும் இடுப்புக்கும்தான் பயிற்சி, கால் தப்பித்துக்கொள்ளும்.