ட்ரோன் ஃபில்டருக்கு 9,000 ரூபாய் கொடுக்கலாமா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். போன மாதம் வந்து, "அண்ணா, ட்ரோனுக்கு ஃபில்டர் செட் 9,000 ரூபாய் சொல்றாங்க, அதே மாதிரி இன்னொன்று 1,500க்குக் கிடைக்குது, எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். இரண்டு பெட்டியிலும் இருப்பது கட்டைவிரல் நகம் அளவுக்கு நாலு கறுப்புக் கண்ணாடிதான். அந்தக் கண்ணாடிக்கு என்ன வேலை என்று பார்த்தால்தான் விலை நியாயமா என்று சொல்ல முடியும்.

முகத்துக்கு முன்னால் கையை வேகமாக ஆட்டிப் பாருங்கள், விரல்கள் மங்கலாகத் தெரியும். அந்த மங்கல் வீடியோவிலும் கொஞ்சம் இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தோன்றும். அதற்காகத்தான் வினாடிக்கு 25 ஃபிரேம் (படம்) எடுத்தால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/50 வினாடியில் வைக்கச் சொல்கிறார்கள். சிக்கல் வெயிலில்தான். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100இல் வைத்து, லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கினால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்), நல்ல வெயிலுக்கு 1/100 வினாடி சரியாக இருக்கும் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. ஆனால் மினி 2, ஏர் 2எஸ் போன்ற ட்ரோன்களில் துளை எஃப் 2.8லேயே நிற்கும், சுருக்க முடியாது. எஃப் 16ஐவிட 32 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது, அதனால் கேமரா ஷட்டரை 1/3200க்குக் கொண்டுபோய்விடும். அதை 1/50க்கு இறக்க வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்க வேண்டும், என்டி 64 என்ற ஃபில்டர் செய்வது அவ்வளவுதான், என்டி எண் எத்தனையோ வெளிச்சம் அத்தனையில் ஒரு பங்கு. பெங்களூரின் ஜூலை மேகமூட்டத்துக்கு என்டி 16 போதும். மினி 4 ப்ரோ மாதிரி எஃப் 1.7 லென்ஸ் என்றால் வெளிச்சம் இன்னும் இரண்டரை மடங்குக்கு மேல் கூடும், அதற்கேற்ப ஃபில்டரும் கறுக்க வேண்டும்.

சரி, ஃபில்டரே போடாவிட்டால் என்ன ஆகும்? இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம். ட்ரோன் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது, கேமரா நேர்கீழே பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/50 வினாடியில் அது 20 சென்டிமீட்டர் நகரும். முன் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச உயரமான 120 மீட்டரில் பறந்தால், வழக்கமான 24 மி.மீ. லென்ஸின் அகலப் பார்வையில் தரையில் சுமார் 180 மீட்டர் அகலம் தெரியும், அதாவது 4கே படத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் நகர்வு அங்கே வெறும் 4 பிக்சல் மங்கல், கண்ணுக்கே தெரியாது. அதே ட்ரோன் 5 மீட்டர் உயரத்தில் பறந்தால் மங்கல் 100 பிக்சல்! அங்கே ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் ஷட்டர் வேகமாகி அந்த மங்கல் போய்விடும், புல்லும் கல்லும் வெட்டி வெட்டி ஓடும், பார்க்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆக, மேலேயிருந்து ஏரியையும் ஊரையும் மட்டும் எடுக்கிறவர் ஃபில்டருக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை, தாழப் பறந்து ஆட்களைப் பின்தொடர்கிறவருக்கு அது தேவை. இன்னொன்று, சூரியன் முன்னால் இருக்கும்போது இறக்கைகளின் நிழல் லென்ஸில் விழுந்து படத்தில் கோடு கோடாகத் துடிக்கும், ஷட்டர் மெதுவானால் அந்தக் கோடுகள் கரைந்துவிடும்.

இனி விலைக்கு வருவோம். தம்பி ஏற்கெனவே ஒரு நண்பரிடம் மலிவான என்டி 64 இரவல் வாங்கி, மாலூர் பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் அவுட்டோர் எடுத்திருந்தார். அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட் அரக்கு நிறத்தில் இருந்தது, இலைகள் பழுத்த மாதிரி பழுப்பாக இருந்தன. கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்திருக்கிறார்.

அது அகச்சிவப்புக் கதிரின் வேலை. நம் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடும், கேமராவின் சிலிக்கான் சென்சாரோ 1,100 வரை உணரும். அதைத் தடுக்க உள்ளேயே ஒரு ஃபில்டர் உண்டு, ஆனாலும் ஓரத்தில் கொஞ்சம் கசியும். சாதாரணமாக அந்தக் கசிவு தெரியாது. சாயம் கலந்த மலிவான கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை 64இல் ஒன்றாகக் குறைத்துவிட்டு அகச்சிவப்பை அப்படியே விட்டால், அந்தக் கசிவின் பங்கு மட்டும் 64 மடங்கு கூடிவிடுகிறது. பச்சை இலையும் பல செயற்கை இழைத் துணிகளும் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும், அதனால் முதலில் நிறம் மாறுவது அவைதான். என்டி 8இல் இதே குறை 8 மடங்குதான், பெரும்பாலும் கவனிக்கவே மாட்டோம். நல்ல ஃபில்டரில் வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள், எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்க அது உதவுகிறது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும், சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது பேய் மாதிரி வட்டங்கள் வருவது அதனால்தான். எதிரொளி தடுக்கும் பூச்சுக்கும் காசு போகிறது. இந்த இரண்டுக்காகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். வெயிலில் வெள்ளைத் தாளும் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியும் பச்சை இலையும் வையுங்கள். கேமரா நிறத்தைத் தானாக மாற்றாதபடி ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு, ஃபில்டர் இல்லாமல் ஒன்று, போட்டு ஒன்று எடுங்கள், ஷட்டரை மாற்றி வெளிச்சத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். தாள் லேசாக மஞ்சளானால் எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம். தாள் வெள்ளையாக இருந்தும் துணி மட்டும் சிவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

செட்டில் வரும் யூவி ஃபில்டரால் படம் மேம்படாது, அது லென்ஸுக்கு வெறும் மூடி. போலரைசர் என்ற ஃபில்டர் தண்ணீரின் பளபளப்பை அழகாக நீக்கும், ஆனால் அதைச் சூரியன் இருக்கும் திசைக்கேற்பத் திருப்ப வேண்டும், வானத்தில் ட்ரோன் ஒருமுறை திரும்பினால் கணக்கு மாறிவிடும், அங்கே போய் யார் திருப்புவது? அப்புறம் எடை. கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலின் மோட்டார் கிராம் கணக்கில் சமன் செய்யப்பட்டது, வேறு மாடலுக்கான கனமான ஃபில்டரை மாட்டினால் ஆடும், சூடேறும், மாடல் பெயரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புகைப்படம் மட்டும் எடுப்பவருக்கு என்டி பெரும்பாலும் வேண்டாம், நீரோட்டத்தைப் பஞ்சு மாதிரி காட்ட நினைத்தால் ஒழிய.

தம்பி கடைசியில் என்டி 8, 16 இரண்டையும் மலிவில் எடுத்துக்கொண்டு, என்டி 64 மட்டும் நல்லதாக ஒற்றையாய் வாங்கினார். போன வாரம் அதே தைலமரத் தோப்பில் இன்னொரு ஜோடியை உச்சி வெயிலில் எடுத்துவந்து காட்டினார். கோட் கறுப்பாகவே இருந்தது.