காட்டுக்குள் போன நம் சளி

2013இன் தொடக்கத்தில் உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் ஒரு சிம்பன்சிக் கூட்டம் இருமத் தொடங்கியது. கன்யாவரா என்ற அந்தக் கூட்டத்தில் இருந்தவை 56. ஐந்து செத்துப்போயின. அவற்றில் இரண்டு வயதுக் குட்டி ஒன்றின் உடல் கெடுவதற்கு முன்பே கிடைத்ததால், அறுத்துப் பார்க்க முடிந்தது. கடுமையான நிமோனியா. நுரையீரலில் இருந்தது ரைனோவைரஸ் சி. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் மூக்கொழுகிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருகிற சளி வைரஸ் வகைதான். மிளகு ரசம் குடித்து, தைலம் தேய்த்து, நாலு நாளில் நாம் மறந்துவிடுகிற நோய்.

நமக்கு லேசாகப் போவது அவற்றை ஏன் கொல்கிறது? ரைனோவைரஸ் சி நுழைவதற்கு, மூச்சுக்குழாய்ச் செல்களின் மேல் உள்ள சிடிஹெச்ஆர்3 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். மனிதர்களில் இந்தப் புரதம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி. ஒரு வடிவத்தில் வைரஸ் எளிதாக ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றில் அவ்வளவாக ஒட்டாது. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது இந்த இரண்டாவது வடிவம். எளிதில் ஒட்டும் வடிவத்தைப் பெற்ற குழந்தைகளுக்கு ஆஸ்துமா கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். கன்யாவராவில் சோதித்த சிம்பன்சிகள் எல்லாவற்றிலும் இருந்தது அந்த ஆபத்தான வடிவம் மட்டுமே. போதாததற்கு, நாம் கைக்குழந்தையிலிருந்து வருடத்துக்குப் பலமுறை சளி பிடித்து எதிர்ப்பாற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வைரஸ் தனியாகவும் கொல்வதில்லை. ஐவரி கோஸ்டில் தாய் (Taï) என்ற காட்டில் 1999 முதல் 2006 வரை சிம்பன்சிகளைக் கொன்ற நோய்களில் ஆர்எஸ்வி, மெட்டாநிமோவைரஸ் என்ற இரண்டு மனித மூச்சுநோய் வைரஸ்களும், கூடவே நிமோகாக்கஸ் பாக்டீரியாவும் கிடைத்தன. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிவிட, பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது.

சரி, நடுக்காட்டுக்கு இதை யார் கொண்டுபோனது? இதை எழுதவே மனம் கனக்கிறது. பெரும்பாலும் அவற்றை நேசிக்கிறவர்கள்தான். காட்டுச் சிம்பன்சி மனிதனைக் கண்டால் ஓடும். ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, பயம் தெளியவைத்து, சில மீட்டர் தூரத்தில் நின்று குறிப்பெடுக்கிறார்கள். பெரியவர்களில் பலர் எந்த அறிகுறியும் இல்லாமலே வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருப்பார்கள். தங்களிடம் நோய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

கிபாலேயில் 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் நடந்தது இதற்கு நல்ல சான்று. அருகருகே வாழும் இரண்டு கூட்டங்கள் ஒரே சமயத்தில் இருமின. எல்லோரும் ஒரே நோய் என்றே நினைத்திருப்பார்கள். சோதித்தால் கன்யாவராவில் ஒரு மனித வைரஸ், அடுத்த கூட்டமான ங்கோகோவில் இன்னொன்று. கூட்டத்திலிருந்து கூட்டத்துக்குப் பரவியிருந்தால் ஒரே வைரஸ் அல்லவா இருந்திருக்கும்? கன்யாவராவில் யாரும் சாகவில்லை. மெட்டாநிமோவைரஸ் தாக்கிய ங்கோகோவில் சுமார் 200 சிம்பன்சிகளில் 25 போய்விட்டன. ஒரு தாய் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும். அந்த 25ஐ ஈடுகட்ட எத்தனை காலம் ஆகும், பாருங்கள்.

அப்படியானால் மனிதர்கள் விலகிவிடலாமே என்று தோன்றும். ஆனால் தாய் (Taï) காட்டில் ஆய்வாளர்கள் நடமாடும் பகுதியில்தான் வேட்டைக்காரர்கள் அதிகம் அண்டுவதில்லை. அங்கேதான் சிம்பன்சிகள் அதிகம் மிஞ்சியிருக்கின்றன. அதனால் அங்கே இருந்துகொண்டே கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். வெளியிலிருந்து வருபவர் முகாமில் சில நாள் தனித்திருக்க வேண்டும், காட்டில் முகக்கவசம், இருமல் வந்தால் அன்று காட்டுக்குப் போகக்கூடாது.

எனக்குக் கவலை தருவது சுற்றுலாதான். ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களை ஒரு மணி நேரம் பார்க்க 1,500 டாலர் கட்ட வேண்டும். அவ்வளவு பணம் கொடுத்து, விமானம் ஏறி வந்தவர் காலையில் தொண்டை கரகரத்தால் வழிகாட்டியிடம் சொல்வாரா? உகாண்டாவின் புவிண்டி காட்டில் 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி ஏட்டளவில் இருந்தபோது, பயணிகள் பெரும்பாலும் 3 மீட்டருக்குள்தான் நின்றார்கள். சில சமயம் கொரில்லாக் குட்டியே கிட்டே வந்துவிடும். அப்போது பின்னால் நகர வேண்டியது பயணிதான்.